மழைக்கு முன் ஒரு பொதுக்குழு: தென்சென்னை அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஆடி முடியப்போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் இரண்டு மாதம்தான். உங்களில் பலர் இந்த வாரங்களில்தான் ஆண்டுப் பொதுக்குழுவுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த அஜெண்டா தயாராகும் முன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. பெயிண்டிங், பார்க்கிங், மெயின்டெனன்ஸ் பாக்கி எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த ஆண்டு முதல் பொருளாக மழையை எடுங்கள். கூட்டம் செப்டம்பருக்குள் நடக்கட்டும்.

நான் மடிப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருப்பவள். சங்கத்தில் எந்தப் பதவியிலும் இல்லை. புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் டார்ச் லைட் வாங்குங்கள், மெழுகுவத்தி வாங்குங்கள், பால் பவுடர், பிஸ்கட், மருந்து எடுத்து வையுங்கள் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். எல்லாரும் கேட்க வேண்டியதுதான். ஆனால் அது தனி வீட்டுக்காரருக்குச் சொல்லும் அறிவுரை. அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பம், தன் வீட்டுக்குள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அந்த வீட்டை நடத்துகிற ஒவ்வொன்றும் கீழே, பொது இடத்தில், உங்கள் பொறுப்பில் இருக்கிறது. சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, கீழே. மோட்டார் கீழே. ஈ.பி. மீட்டர் போர்டு கீழே. ஜெனரேட்டர் கீழே. லிஃப்டின் குழி கீழே. கழிவுநீர்த் தொட்டி கீழே. தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரை கடக்கவில்லை. 5-ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கடந்தது. கடலில் நம் பக்கமாக மெதுவாக நகர்ந்து போனதற்கே நம் பகுதிகள் மூழ்கின. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இருந்தும் மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, ஆவின் பாலும் இல்லை. மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் என்பது இப்படித்தான் வருகிறது. "நாம மேலதானே இருக்கோம்" என்ற நினைப்பில் பொதுக்குழுவில் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் மேல்மாடி உரிமையாளர்களுக்கு இதை முதலில் எடுத்துச் சொல்லுங்கள்.

அரசின் பொறுப்பைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வடிகாலும் ஏரியும் சதுப்புநிலமும் அரசின் வேலை, அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டே இருப்போம். இந்த மடல் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே நடக்க வேண்டியதைப் பற்றி.

முதலில், நம் தெருவுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மழை வந்தாலே வாட்ஸ்அப் குழுக்களில் "செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்க" என்று ஓடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் போகிறது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்கள் அதைப் பார்த்து நடுங்குவதில் நியாயம் இருக்கிறது. நமக்கு வரும் தண்ணீர் வேறு. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் வருகிறது. சுற்றியுள்ள இன்னும் பல ஏரிகளின் நீரும் அங்கேதான் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு பக்கம் போய்க் கடல். புயல் நேரத்தில் கடல் கொந்தளித்து நீரை வாங்காமல் நின்றுவிட்டால், மழை விட்ட பிறகும் நம் தெருவில் தண்ணீர் வடியாது. இது தெரிந்தால்தான் "மழை நின்னாச்சு, நாளைக்கு சரியாயிடும்" என்ற கணக்கை நாம் விடுவோம். உங்கள் கட்டடத்தின் வாசல், தெருவைவிட எவ்வளவு உயரம், 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்று பழைய குடியிருப்பாளர்களைக் கேட்டு, ஸ்டில்டில், அதாவது வண்டி நிறுத்தும் திறந்த தரைதளத்தில், தூண் ஒன்றில் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். மற்ற எல்லா முடிவுக்கும் அந்தக் கோடுதான் ஆதாரம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீசியனையும் ஒரு பிளம்பரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள்.

மீட்டர் போர்டு கோட்டுக்குக் கீழே இருந்தால் அதை உயர்த்துவதுதான் முதல் செலவு. மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்துத்தான் செய்ய வேண்டும், நாட்கள் ஆகும். அதனால்தான் ஆகஸ்டிலேயே சொல்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர், ஜெனரேட்டரின் மாற்று சுவிட்ச், வாட்ச்மேன் அறையின் பிளக் பாயின்ட், மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடும் பாயின்ட் இவையும் அப்படியே. ஸ்டில்டில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் மெயின் சுவிட்சை யார் அணைப்பது, எந்த மட்டத்தில் அணைப்பது என்று எழுதி வையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. தண்ணீர் போர்டை நெருங்கும் முன்பே, உலர்ந்த தரையில் நின்றபடி அணைத்துவிட வேண்டும். தாமதமாகிவிட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லித் தெரு இணைப்பையே துண்டிக்கச் சொல்ல வேண்டும். கீழ்த்தள வீடுகளில் இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல்லுங்கள். ஈ.பி. மின்சாரம் போய்விட்டது என்று தைரியமாகத் தண்ணீரில் கால் வைப்பவருக்கு, இன்வெர்ட்டர் வழியாகச் சுவர் ஒயரில் மின்சாரம் ஓடுவது நினைவுக்கு வராது.

லிஃப்ட் விஷயம் எளிது, ஆனால் பல இடங்களில் யாரும் செய்வதில்லை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்து தெருவில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதுமே லிஃப்டை மேல்மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அணைத்துவிடுங்கள். தரைதளத்தில் நிற்கும் லிஃப்டின் குழியில் தண்ணீர் புகுந்தால் பிறகு பல வாரம் படிதான். எழுபது வயதைத் தாண்டியவர்கள் நாலாவது மாடியில் இருக்கும் கட்டடங்களில் அது எவ்வளவு பெரிய துன்பம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி தண்ணீர். வெள்ளத்தின் நடுவே தண்ணீர் இல்லாமல் தவிப்பதுதான் அடுக்குமாடிக்காரரின் பெரிய கொடுமை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல கட்டடங்களில் சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறது, பக்கத்திலேயே கழிவுநீர் மேன்ஹோல். தெருக் குழாய் நிரம்பிக் கழிவுநீர் பின்னோக்கி வந்தால், முதலில் மேன்ஹோல் வழியாகப் பொங்கி, அடுத்து சம்புக்குள் இறங்கும். சம்பின் வாயைச் சுற்றி அந்தக் கோட்டுக்கு மேல் வரும்படி சுவர் எழுப்பி, ரப்பர் வைத்த இறுக்கமான மூடி போடுங்கள். சம்பின் காற்றுக் குழாயையும் உயர்த்துங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு பொருத்த முடியுமா என்று பிளம்பரைக் கேளுங்கள். கீழ்த்தள வீட்டின் கழிப்பறை வழியாகக் கழிவுநீர் பொங்குவதை அது தடுக்கும். வாசலில் எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும், குழாய் வழியாக உள்ளே வரும் தண்ணீரை அது தடுக்காது.

எச்சரிக்கை வந்ததும் மொட்டைமாடித் தொட்டியை முழுக்க நிரப்பிவிட வேண்டும். நிரப்பிய பிறகுதான் முக்கியமான வேலை. 10,000 லிட்டர் தொட்டி, 24 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 400 லிட்டர் சொச்சம். ஒருமுறை ஃப்ளஷ் செய்தால் 8, 10 லிட்டர் போகிற வீட்டில் இது எத்தனை நாள் வரும்? வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் தொட்டி காலி. அதனால் மின்சாரம் போன நிமிடமே வால்வை மூடி, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் திறப்பது என்று இப்போதே தீர்மானம் போடுங்கள். அந்த நேரத்தில் சண்டை வரும். முன்பே எல்லாரும் ஒப்புக்கொண்டு மினிட்ஸில் எழுதியிருந்தால் சண்டைக்கு இடமில்லை. குடிநீருக்கு ஒவ்வொரு வீடும் தனியாக 20 லிட்டர் கேன் இரண்டு, மூன்று சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.

உள்ளே வந்த தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை மீது 20 செ.மீ. மழை பெய்தால் அது மட்டுமே கிட்டத்தட்ட 45,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏறக்குறைய நான்கு. தாம்பரத்தில் 2015 டிசம்பரில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. அது நம் தலைக்கு மேலும் நின்றிருக்கலாம். தெருவும் நிரம்பியிருக்கும்போது நீங்கள் இறைக்கும் தண்ணீர் பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போய் மறுபடி உங்களிடமே வரும். பம்ப் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருத் தண்ணீர் வடிந்த பிறகு அது மிகவும் உதவும். ஆனால் அதை நம்பி மீட்டர் போர்டைக் கீழேயே விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டரை அவசரத்துக்கு மூடிய இடத்துக்குள் நகர்த்தி ஓட்டவும் வேண்டாம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இதுவரை சொன்னது இரும்பும் சிமென்டும். இனி சொல்லப்போவதற்குத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

நம் கட்டடங்களில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் யார்? முழங்கால் வலியால் படியேற முடியாத முதியவர்கள். கொஞ்சம் வாடகை குறையும் என்று வந்த இளம் குடும்பங்கள். அப்புறம், படிக்கட்டுக்கு அடியிலோ ஸ்டில்டின் மூலையிலோ ஒரு சின்ன அறையில் வாட்ச்மேன், பல இடங்களில் மனைவி குழந்தைகளோடு. கட்டடத்தில் முதலில் நனைவது அவர்களுடைய அரிசியும் துணியும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும்தான். அந்த நேரத்தில் நாம் அவரை எதற்குக் கூப்பிடுகிறோம்? மோட்டாரை அணைக்க, கார் மேல் கவர் போட, இடுப்பளவுத் தண்ணீரில் போய்ப் பால் வாங்கி வர. இதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. வாட்ச்மேன் குடும்பம் எந்த மாடியில் தங்கும் என்பதைத் தீர்மானமாக எழுதுங்கள். அவர்களுடைய பொருட்களை எச்சரிக்கை நாளிலேயே மேலே ஏற்ற ஆள் போடுங்கள். தண்ணீருக்குள் அவரை எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது என்றும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும். மீட்டர் போர்டை அணைக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

கீழ்த்தளக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மேல்வீடு என்று இப்போதே இணைத்துவிடலாம். நடு இரவில் கதவைத் தட்டத் தயங்கி, கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். "உங்களுக்கு 2-சி வீடு, அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் இருக்காது. ஏறக்குறைய எல்லாக் குடியிருப்பிலும் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றாவது உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், சாவி யாராவது ஒருவரிடம் இருக்கும். வெள்ளம் வந்தால் அந்த வீட்டைத் திறந்து கீழ்த்தளத்தாரைத் தங்கவைக்க அனுமதி தருவீர்களா என்று அவருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்டால் தருவார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உடல்நிலைப் பட்டியல் ஒன்றும் வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர், படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர். விருப்பப்பட்டவர் சொல்லட்டும். செயற்குழுவில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும், வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். டயாலிசிஸ் நோயாளியும் ஆக்சிஜன் தேவைப்படுபவரும் "பார்த்துக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அதற்கு வண்டி ஏற்பாடு செய்வது சங்கத்தின் வேலையாக இருக்கட்டும். படுக்கையில் இருப்பவரைப் படியில் இறக்க நாலு பேர் வேண்டும். யார் அந்த நாலு பேர் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கையின் நிறங்களுக்கும் அளவு இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் மிக கனமழை என்று சொன்னால் ஒரு நாளில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. அதி கனமழை என்றால் அதற்கும் மேல். முதலாவதற்குப் பொதுவாக ஆரஞ்சு, அடுத்ததற்குச் சிவப்பு. ஆரஞ்சு நிறத்துக்கே வேலையைத் தொடங்குங்கள், சிவப்பு வரும்வரை காத்திருந்தால் பிளம்பரும் கிடைக்க மாட்டார், மளிகைக் கடையில் பாலும் இருக்காது. குழுவில் வானிலைச் செய்தி போடுவது ஒரே ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும், அதுவும் அரசு அறிவிப்பு மட்டும். மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 இவற்றை அச்சடித்து ஒவ்வொரு தளத்திலும் ஒட்டுங்கள். கீழ்க்கட்டளை, பெரும்பாக்கம், மேடவாக்கம் சங்கங்கள் கவனிக்க வேண்டும்: நீங்கள் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை, செங்கல்பட்டு மாவட்டம். அதனால் 1913-ஐ அழைத்து நேரத்தைக் கழிக்காமல் 1077-க்குச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியை மறந்துவிடக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது நமக்குப் பிரச்சினை காற்றுதான். துணி காயப்போடும் தகரக் கூரை, டிஷ் ஆன்டெனா, காலி பிளாஸ்டிக் தொட்டி, பூந்தொட்டி எல்லாம் பறந்து வந்து விழக்கூடியவை. கட்டுங்கள், இல்லையென்றால் இறக்குங்கள். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருந்தால் மேல்வீட்டுக் கூரை ஒழுகும். காம்பவுண்டு மரங்களைப் பயந்துபோய் வெட்ட வேண்டாம், உலர்ந்த கிளைகளைக் கழித்தால் போதும்.

கார்களைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும் என்று தெரியும். 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திய கார்கள் வரிசையாக நின்றதை ஊரே பார்த்தது. பயந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் போகும் வழி அது. பக்கத்தில் மேடான இடத்தில் உள்ள பள்ளி, கல்யாண மண்டபம் எதனுடனாவது சங்கமாகப் பேசி இடம் வாங்குங்கள். தண்ணீர் புகுந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். அப்படிச் செய்து என்ஜின் போனால், தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குக் காப்பீட்டில் பணம் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்கும் காப்பீடு உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசியில் புயலும் வெள்ளமும் அடிப்படையிலேயே சேர்ந்திருக்கின்றன. கட்டடம் முழுவதற்கும் சங்கம் என்ன எடுக்கலாம் என்று விசாரித்துப் பொதுக்குழுவில் வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க ஒரே ஒரு பக்கத் தாள் போதும். டார்ச், பவர் பேங்க், ஒரு சின்ன ரேடியோ, இரண்டு வாரத்துக்கான மருந்து, குழந்தை உணவு, நாப்கின், ஆதார் முதல் வீட்டுப் பத்திரம் வரை பிளாஸ்டிக் உறையில், கொஞ்சம் ரொக்கம். டவர் போனால் ஜிபே ஓடாது, சில்லறையாக வைத்திருப்பது நல்லது. தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே தாளில் போடுங்கள்: எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது, சம்பை முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும், சேதத்தைச் சுத்தம் செய்யும் முன் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். கார்பஸ் ஃபண்ட் எதற்காகச் சேர்த்தோமோ அதற்குத்தான் இது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாவிட்டால் மீட்டர் போர்டும் சம்ப் மூடியும் இந்த ஆண்டு, ஒருவழி வால்வும் ஜெனரேட்டர் மேடையும் அடுத்த ஆண்டு. கீழ்த்தளத்தாருக்கு மேல்வீடு, வாட்ச்மேன் குடும்பத்துக்கு இடம், உடல்நிலைப் பட்டியல், வால்வு திறக்கும் நேரம் இவற்றுக்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. இவை இந்த ஆண்டே முடியும்.

கடைசியாக ஒன்று. பொதுக்குழுவுக்கு உரிமையாளர்களை மட்டும் அழைப்பது வழக்கம். மழையைப் பற்றிப் பேசும் அந்த ஒரு மணி நேரத்துக்கு, வாடகைக்கு இருப்பவர்களையும் அழையுங்கள். வெள்ளம் வரும் இரவில் கட்டடத்தில் இருக்கப்போவது அவர்கள்தான். வாட்ச்மேனுக்கும் ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று அவரிடம் கேளுங்கள். கூட்டத் தேதி முடிவானதும் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் போட்டுவிடுங்கள். எங்கள் சங்கச் செயலாளரிடம் இந்த மடலின் ஒரு பிரதியை நேரில் கொடுக்கிறேன். மீட்டர் போர்டு சம்பந்தமாக மின்வாரிய அலுவலகத்துக்கு அலைய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன் என்று அவரிடம் சொல்லவும் போகிறேன்.

அன்புடன்,
மடிப்பாக்கம் குடியிருப்பாளர் ஒருவர்